எண்ணெய் ஊற்றிய புண்

என் அப்பா என் அம்மாவை அடித்த கதையை நான் கூம்பு ஸ்பீக்கரில் கேட்டேன். எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்தில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாக முளைத்திருந்த ஜெபக்கூடத்தில் உபவாசக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடம் விட்டு, கடையில் கேப்பை மாவும் புளியும் வாங்கிக்கொண்டு அந்த வழியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வயதான குரல் தேம்பித் தேம்பிச் சாட்சி சொன்னது.

"அன்பானவர்களே, நான் பெரிய பாவி. பொண்டாட்டியத் தலமுடியப் புடிச்சி நடுத்தெருவுல இழுத்துகினு போனவன். அவ மேல மண்ணெண்ணெய ஊத்தி, தீக்குச்சியக் கிழிச்சவன். அந்தக் குச்சிய அணைச்சது யாரு? என் கர்த்தர்!"

கூட்டம் அல்லேலூயா என்று அலறியது.  குரலுக்கு வயதாகியிருந்தாலும் அது என் அப்பாதான்.

அவர் விழுப்புரம் ஜங்ஷனில், இன்ஜின் ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர். நான் எட்டாவது படிக்கும்போது ஒருநாள் டியூட்டிக்கு என்று போனவர், காட்பாடிப் பக்கம் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னதும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் வந்து, மிஷன் ஹாஸ்டலில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சமையல்கட்டுப் புகையில்தான் நான் படித்து டீச்சரானேன். அம்மா இறந்து நாலைந்து வருஷம் கழித்து இவர் இரட்சிக்கப்பட்டவராக வந்து நிற்கிறார். காட்பாடிக் குடும்பம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சாட்சி சொல்வது கிறிஸ்தவர்களிடையே பழைய வழக்கம். ஆண்டவர் என்னை எந்தச் சேற்றிலிருந்து தூக்கினார் என்று சபைக்கு முன்னால் எழுந்து சொல்ல வேண்டும். நல்ல வழக்கம்தான். ஆனால் சேறு எவ்வளவு ஆழமோ அவ்வளவு கைதட்டல் என்று ஆகிவிட்ட இடங்களில், சொல்கிறவர்கள் சேற்றைத் தோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். பீடி பிடித்தவன் கஞ்சா பிடித்தேன் என்பான். பக்கத்து வீட்டில் கோழி திருடியவன் கொள்ளைக் கூட்டத்தில் இருந்தேன் என்பான். என் அப்பாவின் மண்ணெண்ணெய்க் கதையும் அப்படித்தான். அவர் மண்ணெண்ணெய் ஊற்றவேயில்லை. நடுத்தெருவில் இழுத்துக்கொண்டு போகவுமில்லை.

நடந்தது வேறு. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. அதில் குடம் பிடித்துக்கொண்டிருந்த அம்மாவின் தலையைப் பிடித்து அந்த இரும்புக் குழாயில் மோதினார். குழம்பில் உப்பு இல்லை என்பது காரணம். அதற்குப் பிறகு அம்மாவுக்கு இடது காது கேட்கவில்லை. மோதிவிட்டு உள்ளே போய் அந்தக் குழம்பையே ஊற்றிச் சாப்பிட்டார். இது மேடைக்கு ஆகாது. தீக்குச்சி இல்லை, தீக்குச்சியை அணைக்கக் கர்த்தர் வரவுமில்லை. செய்யாத பாவத்தை ஊருக்கெல்லாம் சொல்லி அழுதவர், செய்ததை விழுங்கிவிட்டார். ஒருவேளை மறந்தே போயிருப்பார். அதை நினைக்கத்தான் எனக்கு அதிகமாக அருவருத்தது.

நான் அங்கே நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் திண்டிவனம் எவ்வளவு பெரிய ஊர்? ஒரு வாரத்தில் அந்த ஜெபக்கூடத்துப் பாஸ்டர், வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் சட்டையுடன் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பாவுக்கு ஜெபக்கூடத்தின் பின்னால் ஓர் அறை கொடுத்திருக்கிறார்களாம். நான் வந்து மேடையில் அவர் பக்கத்தில் நின்றால் அநேக ஆத்துமாக்கள் தொடப்படுவார்களாம்.

"அவரு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே பாஸ்டர். மன்னிப்பு ஊருக்குத்தானா?" என்றேன்.

"கர்த்தர்கிட்ட கேட்டுட்டாரு சிஸ்டர். அவரே மன்னிச்சிட்டாரு. அதுக்கு மேல நீங்க யாரு? இது உங்க இருதயக் கடினம். கீழ்ப்படியாத ஆவி இது, தொரத்தணும்."

பாஸ்டருக்குக் காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு என் தலையில் கை வைத்து ஜெபிக்க எழுந்தார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் வேலை பார்ப்பவர், கேலிக்குப் பஞ்சமில்லாத மனிதர். "உங்கப்பனுக்கு அந்த ஆளு சாட்சி, அந்த ஆளுக்கு உங்கப்பன் சாட்சி. வேலிக்கு ஓணான் சாட்சி!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து அப்பாவே பள்ளிக்கூடத்து கேட்டில் வந்து நின்றார். அவர் வருவதற்கு முன்னால் வாடை வந்தது. மதியச் சாப்பாட்டு மணி அடித்து வெளியே ஓடிய பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தார்கள். வலது காலில் ஒரு பாலிதீன் பையைச் சுற்றிச் சணலால் கட்டியிருந்தார். பைக்குள் மஞ்சளாக என்னவோ தேங்கியிருந்தது.

"சக்கர வியாதி, பாப்பா. புண்ணு ஆறல. பாஸ்டரு எண்ண ஊத்திகினு கீறாரு. ஆஸ்பத்திரிக்குப் போனா விசுவாசம் இல்லன்னு ஆயிடும்."

ஜெபித்துக் கொடுத்த எண்ணெய். புண்ணின் மேல் தினமும் ஊற்றி, துணியைச் சுற்றி, அதன் மேல் பையையும் கட்டியிருந்தார்கள். ஈரமும் எண்ணெயும் சேர்ந்து கால் உள்ளே ஊறிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்தில் அப்பாவை நீ என்றுதான் கூப்பிடுவோம். எட்டாவது வகுப்புவரை நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அன்றைக்கு எனக்கு வாயில் 'நீங்க'தான் வந்தது.

"நீங்க இங்கல்லாம் வரக்கூடாது. பிள்ளைங்க சாப்புடுற எடம்," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு நொண்டிக்கொண்டு போனார். நான் உள்ளே வந்து, முதல் வகுப்பில் ஒரு பெண் குழந்தையின் முழங்காலில் இருந்த சிரங்கைக் கழுவி ஊதா மருந்து தடவினேன். அது எனக்குத் தினசரி வேலை. எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிரங்கு இல்லாத மாதமே கிடையாது. கழுவும்போது அருவருப்பே தோன்றாது. அன்றைக்கும் தோன்றவில்லை. அப்போதுதான் மனதில் அந்தக் காலின் நினைப்பு வந்து குந்திக்கொண்டது. போ என்றால் போகவில்லை.

நாங்கள் போகும் மிஷன் சபையில், மாதம் ஒருமுறை வரும் திருவிருந்துக்கு முன்னால் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வோம். பிறகு வரிசையாகப் போய் முழங்காலிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்குவோம். அந்த மாதம் அறிக்கையை மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னேன். வரிசை எழுந்தபோது என்னால் எழ முடியவில்லை. அடுத்த மாதமும் அப்படியே. சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எங்கள் சபைப் போதகர், ஐயர் என்றுதான் கூப்பிடுவோம், என்னை வாசலில் நிறுத்தி, "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். கேஸ் டிரபிள் என்றேன்.

வீட்டில் ஆண்டவரோடு சண்டை போட்டேன். மாவு அரைத்துக்கொண்டே, துணி துவைத்துக்கொண்டே சண்டை. அப்பா முதலில் என்னிடம் மன்னிப்புக் கேட்கட்டும், குழாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லட்டும், அதற்கப்புறம் நான் எதையும் செய்கிறேன் என்றேன். நியாயமான நிபந்தனை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்குப் பதிலாக எந்த வசனமும் நினைவுக்கு வரவில்லை, எந்தக் குரலும் கேட்கவில்லை. கண்ணை மூடினால் பாலிதீன் பைதான் தெரிந்தது. உம்முடைய ஊழியத்தில் இதைவிட அசிங்கமான வேலை வேறு கிடைக்கவில்லையா என்று வாய்விட்டே கேட்டேன். ஆண்டவருக்கு என்மேல் என்ன கோபமோ என்றும் தோன்றியது. பாஸ்டர் சொன்ன மேடைக்கு நான் போகாததில் ஆண்டவருக்கு ஒன்றும் குறையில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கால் விஷயத்தில் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியவில்லை. மூன்றாவது முறையும் திருவிருந்தில் எழ முடியாமல் உட்கார்ந்திருந்தபோது, சனியனே, இது முடியட்டும் என்று முடிவு செய்தேன். பக்தியோடு எடுத்த முடிவு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மறுநாள் ஜெபக்கூடத்துப் பின்னறைக்குப் போய், "கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு" என்றேன்.

"விசுவாசம்..." என்று ஆரம்பித்தார்.

"காலு போனா மேடை மேல எப்டி ஏறுவீங்க?"

அது வேலை செய்தது. ரிக்‌ஷாவில் ஏறினார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்சம்மா பையை அவிழ்த்ததும் இரண்டடி பின்னால் போனார். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு நெல்லிக்காய் போகும் அளவுக்குக் குழி. உள்ளே புழு நெளிந்தது. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டார். அப்பா ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று முனகினார்.  "தினம் சுத்தம் பண்ணிக் கட்டு மாத்தணும். ஒரு நாளு உட்டாலும் காலு போயிடும். வூட்ல யாரு பாத்துக்கறாங்க?" என்றார் நர்சம்மா. விஷயம் தெரிந்து பின்னாலேயே வந்திருந்த பாஸ்டர் கூரையைப் பார்த்தார். "நாங்க ஜெபத்துல தாங்குறோம்," என்றார். ஜெபத்தில் தாங்க நூறு பேர் இருந்தார்கள், காலைத் தாங்க ஒருவரும் இல்லை. அப்பா என்னைப் பார்த்தார்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் பஞ்சு, காஜ் துணி, நுரைக்கிற மருந்து எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு போவேன். மூக்கில் புடவைத் தலைப்பைக் கட்டிக்கொள்வேன். ஒட்டிக்கொண்ட பழைய துணியை முதலில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். நர்சம்மா அதைக் காட்டித்தான் கொடுத்திருந்தார். முதல் சில வாரங்கள் நான் ஊற்றவில்லை. காய்ந்தபடியே பிய்த்தேன். அவர் "இயேசுவே!" என்று கத்துவார். அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. இதுவும் கீழ்ப்படிதல்தானே, வந்துதானே இருக்கிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். வீட்டுக்கு வந்தால் சாதத்தில் கை வைக்கப் பிடிக்காது. எத்தனை சோப்புப் போட்டாலும் விரலில் அந்த வாடைதான். நாளாக ஆக, என்னையே எனக்குப் பிடிக்காமல்போய்த் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தேன். அவர் மேல் இரக்கம் வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய்.

ஒருநாள் கட்டுப் போட்டுக்கொண்டே கேட்டுவிட்டேன். "விழுப்புரம் குவார்ட்டர்ஸ்ல, கொழாயடியில, அம்மாவ இன்னா பண்ணீங்கன்னு ஞாபகம் இருக்குதா? மைக் இல்லாம எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் கட்டியது. கையைத் தூக்கினார். "அன்பானவர்களே..." என்று வாயைத் திறந்தார். அந்த அறையில் இருந்தது நான் ஒருத்தி. அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும். கையை இறக்கிவிட்டு, "பழசெல்லாம் ஒழிஞ்சி போச்சி, பாப்பா," என்றார். துப்ப வேண்டும்போல இருந்தது. துப்பாமல் முடிச்சைப் போட்டேன்.

கோடை விடுமுறையில் விழுப்புரத்தில் அவர்களுடைய கன்வென்ஷன் வந்தது. மூன்று நாள் கூட்டம், பந்தல், டியூப்லைட் வளைவு. அப்பா மூன்று நாளும் அங்கேயே தங்குவார். புண் பாதிக்குமேல் ஆறியிருந்தாலும் கட்டு மாற்றாமல் விட முடியாது. "உங்கம்மா பேச்சே எடுக்கமாட்டேன், சத்தியமா. நீ சும்மா கட்டு மாத்திட்டுப் போ," என்றார். இரண்டாம் நாள் மாலை பையை எடுத்துக்கொண்டு விழுப்புரம் போனேன். கூட்டம் முடிந்ததும் மாற்றலாம் என்று பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன்.

அவர் மேடையேறினார். சொன்ன சத்தியத்தைக் காப்பாற்றினார், அம்மாவின் பேச்சை எடுக்கவேயில்லை. என் பேச்சை எடுத்தார்.

"அன்பானவர்களே, இந்தக் காலப் பாருங்க! வெட்டணும்னு டாக்டருங்க சொன்ன காலு. மருந்து இல்ல, மாத்திர இல்ல, ஜெப எண்ணெய மட்டும் ஊத்தினோம். ஆறிப்போச்சி! அதவிடப் பெரிய அற்புதம் ஒண்ணு சொல்றேன். எனக்கு ஒரு மவ. கல்லு நெஞ்சுக்காரி. பெத்த தகப்பன மூஞ்சியில முழிக்காதன்னு தொரத்துனவ. அந்தக் கல்ல என் கர்த்தர் ஒடச்சாரு! இன்னிக்கி அவ என் காலக் கழுவுறா! அதோ ஒக்காந்துகினு கீறா!"

அல்லேலூயா பந்தலைத் தூக்கியது. ஆயிரம் தலை திரும்பியது. பாஸ்டர் மேடையிலிருந்து கையசைத்து என்னைக் கூப்பிட்டார். பக்கத்திலிருந்த ஒரு பெண்மணி என் முழங்கையைப் பிடித்துத் தூக்கி, "எந்திரிச்சிப் போம்மா, எவ்ளோ பெரிய ஆசீர்வாதம்!" என்றார். மேலே போய் மைக்கைப் பிடுங்கி, குழாயைப் பற்றியும் புழுவைப் பற்றியும் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் கால் துடித்தது. சொன்னால் அதற்கும் அல்லேலூயா போடுவார்கள் என்று தோன்றியது. பையைக்கூட எடுக்காமல் வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

விக்கிரவாண்டி தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தியெடுத்தேன். கண்டக்டர் திட்டினார். வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் என் வீட்டுக்காரரின் கேலியெல்லாம் போய்விட்டது. "போதும். இனிமே அந்தப் பக்கம் போவாத. காலு போனா போவட்டும், எண்ண ஊத்திக்கட்டும்," என்றார். அதைக் கேட்க எனக்கு இனிப்பாக இருந்தது.

ஒரு நாள் போகவில்லை. மறுநாள் காலையில் அப்பா திண்டிவனம் திரும்பிவிட்டதாகச் செய்தி வந்தது. அன்றைக்கும் போகப் போவதில்லை என்று அரிசி களைந்துகொண்டே ஆண்டவரிடம் சொன்னேன். நான் செய்ததைக்கூட அப்பா எனக்கென்று விட்டுவைக்கவில்லையே, அதையும் பிடுங்கி மைக்கில் வைத்துவிட்டாரே என்று அழுதேன். அழும்போதே ஒன்று உறுத்தியது. எனக்கும் ஒரு சாட்சி வேண்டியிருந்திருக்கிறது. மேடையில் சொல்வது இல்லை. யாருக்கும் சொல்லாமல் எனக்குள்ளேயே வைத்துத் தடவிப் பார்த்துக்கொள்வது. பொல்லாத அப்பனுக்குப் புண் கழுவிய நல்ல மகள் என்கிற சாட்சி. அவர் அதைத் திருடிவிட்டார் என்பதுதான் என் ஆத்திரம். அப்பனும் மகளும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.  சாட்சி போனால் போகட்டும், கால் இன்னும் அங்கேதானே இருக்கிறது என்று தோன்றியது. கடைக்குப் போய்ப் புதிதாகப் பஞ்சும் காஜ் துணியும் வாங்கிக்கொண்டு, ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனேன்.

அறைக்கு வெளியேயே வாடை வந்தது. விழுப்புரம் கிளம்புவதற்கு முன்னால் நான் போட்ட கட்டின் மேல் யாரோ மறுபடியும் எண்ணெய் ஊற்றியிருந்தார்கள். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.  நான் புடவைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்து, துணியின் மேல் தண்ணீர் ஊற்றினேன். அது லேசில் இளகவில்லை. காத்திருந்தேன். 

"உங்கம்மா இருந்திருந்தா..." என்றார். கையைத் தூக்கவில்லை, குரல் நடுங்கவில்லை. அவர் இயல்பாகப் பேசிக் கேட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது. "அவ இதப் பண்ணியிருப்பாளா, பாப்பா?"

"பண்ணியிருப்பாங்க," என்றேன். "அதான் எனக்கு வயிறு எரியுது."

 அவர் தன் காலை இன்னும் கொஞ்சம் என் பக்கமாக நகர்த்தி வைத்தார். துணி இளகியிருந்தது. நான் அதை எடுத்துவிட்டுப் பஞ்சை நனைத்தேன்.